தொண்ணூற்று நான்கு

இருநூற்றைம்பதுக்குப் பணம் கட்டுகிறோம்.
வருவது தொண்ணூற்று நான்கு.
ஹார்ட்விக் இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்கிறான்,
குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொல்கிறான்,
ரொட்டிக்கடைக்காரி கேட்காமலே
அவளிடமும் சொல்லிவிட்டான்.

கட்டம் போட்ட நோட்டில் தேதி, மணி, வேகம்.
காலை ஆறரைக்குத் தொண்ணூற்று நான்கு.
தெருவே படம் பார்க்கும் இரவு ஒன்பதுக்கும்
தொண்ணூற்று நான்கு.
கோஸ்லரில் பனி கொட்டிக்
கூரைகள் காணாமல் போன ஞாயிறன்றும்
அதே.

மோடத்தைப் பாலமாக்கியவன் அவன்தான்.
இரண்டு வருடம் முன்பு, ஒரு முழுச் சனிக்கிழமை.
"இனி இது யோசிக்காது, கெஸீனா.
வருவதை வாங்கி அப்படியே கொடுக்கும்.
முகவரி, கடவுச்சொல், காவல் எல்லாம்
ரவுட்டர் பார்த்துக்கொள்ளும்.
ஒரு வீட்டில் இரண்டு பேர் முடிவெடுத்தால்
குழப்பம்தான்."
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
எங்களில் யார் மோடம் என்று கேட்கவில்லை.

முதலில் தெருமுனைச் சாம்பல் பெட்டிமேல் பழி.
பிறகு மண்ணுக்குள் கிடக்கும் செம்புக் கம்பிமேல்,
பிறகு மேல்மாடி குன்ட்ராம் வீட்டுப் பையன்மேல்.
பாலமே தப்பு என்று ஒரு நாள் பாலத்தைக் கலைத்தான்.
மோடமும் யோசித்தது, ரவுட்டரும் யோசித்தது;
ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு வாசல்.
அச்சு இயந்திரம் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல்
விழித்தது.
வேகம் மட்டும் தொண்ணூற்று நான்கு.
நள்ளிரவில் மறுபடி பாலம் கட்டினான்,
இரண்டு முறை தப்பாய் அடித்த கடவுச்சொல்லை
மூன்றாம் முறை உரக்கப் படித்து.

தொலைபேசியில் ஒரு குரல்
அணைத்து, முப்பது எண்ணிப் போடச் சொன்னது.
எண்ணினான்.
எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பது வரை.

எட்டிலிருந்து நான்குக்குள் ஆள் வரும் என்றார்கள்.
நான்காகப் பத்து நிமிடம் இருக்க வந்தாள்
போமெரென்கே என்று சட்டையில் பெயர் தைத்த பெண்.
காலணிக்கு நீல உறை மாட்டிக்கொண்டாள்.
சுவரில் கருவியைச் செருகினாள்:
இருநூற்று அறுபத்து மூன்று.
"இதுவரை எங்கள் பக்கம் குறை இல்லை" என்றாள்.

நோட்டை நீட்டினான். நிதானமாய்ப் புரட்டினாள்.
"நிஜ மந்தம் இப்படி இருக்காது.
ஏறும், இறங்கும், மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று.
அசையாத எண் என்றால்
எங்கோ ஏதோ அமுக்கிப் பிடித்திருக்கிறது."

குனிந்தாள்.
மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே
ஒன்றரை மீட்டர் மஞ்சள் கேபிள்.
அலமாரியின் பின்கால் அதன்மேல் நின்றது.
எட்டு இழைகளில் நான்கு செத்திருந்தன.
மிச்ச நான்கு நூறைத் தாண்டாது;
அறுந்ததாய்க் காட்டிக்கொள்ளவும் செய்யாது.
பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டேதான் இருந்தது.

"அலமாரியை எப்போது நகர்த்தினீர்கள்?"

ஹார்ட்விக் என்னைப் பார்க்கவில்லை.
அலமாரியைப் பார்த்தான்.
நவம்பரில். அவன் வீட்டில் இல்லாத ஒரு மதியம்,
தனியாக, முதுகைக் கொடுத்துத் தள்ளினேன்,
பக்கத்து அறையில் எனக்கொரு கட்டில் போட.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
காலை வணக்கம், உப்பு எங்கே,
குப்பை வண்டி எந்தக் கிழமை.
தொண்ணூற்று நான்கு.

"நான்தான்" என்றேன்.
போமெரென்கே பையிலிருந்து புதுக் கேபிள் எடுத்தாள்.
நான்கு யூரோ, ரசீது வேண்டுமா என்றாள்.
வேண்டும் என்றான்.

முதல் அளவு இருநூற்று நாற்பத்தொன்று.
பிறகு முப்பத்தெட்டு, நாற்பத்து நான்கு, முப்பத்தைந்து.
ஒன்றுபோல் ஒன்றில்லை.
எல்லாவற்றையும் எழுதினான்.
பக்கம் தீர்ந்ததும் பேனாவை மூடிவிட்டு
என் அறை வாசலில் வந்து நின்றான்.
உள்ளே வரவில்லை.
"அலமாரி அங்கேயே இருக்கட்டுமா?
கேபிள் இனி அதன் கீழே போகவில்லை.
உன் இஷ்டம்."

எனக்குப் பதில் உடனே வரவில்லை.
அவனும் போகவில்லை.
முப்பது எண்ணியிருப்பான்.
நாற்பதாகவும் இருக்கலாம்.